கட்டிப்பிடிக்காத மச்சான்

“உள்ள வாடா! மச்சானைக் கட்டிப்பிடிச்சு முபாரக் சொல்லு!”

சாயிரா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அவள் தம்பி யாசர் அசையவில்லை. முகத்தில் மாஸ்க்கோடு தெருவிலேயே பைக்கை ஒட்டி நின்றான்.

“இங்கேர்ந்தே சொல்றேன் லாத்தா. ஈத் முபாரக் மச்சான்!”

கையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டான். பெருநாளும் அதுவுமாக!

உள்ளே புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்த அவள் கணவர் ரஃபியுதீன், விரித்த கைகளை மெல்ல மடியில் போட்டுக்கொண்டார்.

கணவருக்கு ரத்தப் புற்றுநோய். மெதுவாக வளர்கிற ரகம். பல வருஷம் எலும்பு மஜ்ஜைக்குள்ளேயே கிடந்தது, அபூர்வமாக யாரோ ஒருவருக்கு நடப்பதுபோல், இந்த வருஷம் அதைத் தாண்டித் தோலுக்கு வந்துவிட்டது. மூக்கு, காது, கன்னமெல்லாம் சிவந்த கட்டிகள். அன்றிலிருந்து சிதம்பரத்தில் சொந்தபந்தம் பாதி எட்டிப் பார்ப்பதில்லை. ரஃபியுதீனின் சொந்த மாமா கமாலுதீனே அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனார்.

“அவர்ட்டேர்ந்து யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு!” என்று பார்த்தவரிடமெல்லாம் சண்டை பிடித்தாள் சாயிரா. இன்று தொழுகை முடிந்து வந்த ஒருத்தரையும் அவள் விடவில்லை. இருமிக்கொண்டே வந்த எதிர்வீட்டுக்காரரைக்கூடக் கட்டிப்பிடிக்க வைத்துத்தான் அனுப்பினாள்.

டாக்டர் சொன்னபோது பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டவன் யாசர். அவனா இப்படி?

கடலூரில் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான் என்று தோன்றியதும் போன் போட்டாள்.

“ஊரான் வந்து கட்டிப்பிடிக்கிறான், கூடப் பொறந்த உனக்கு அருவருப்பா இருக்காடா? இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன், பாத்துக்க!”

“சரி லாத்தா. வராத. ஒரு மூணு வாரத்துக்கு கண்டிப்பா வராத.”

“அடப்பாவி! கெடு வேற வெக்கிறியா?”

போனில் பின்னாலிருந்து ஒரு சிணுங்கல். “அரிக்குது அத்தா... மாமி எப்ப வரும்?”

நஸ்ரின். யாசரின் மகள். பிள்ளையில்லாத சாயிராவின் மடியிலேயே வளர்ந்தவள்.

“புள்ளைக்கு என்னடா?”

இனி மறைக்க முடியாது என்று யாசர் சொல்லிவிட்டான்.

“அம்மை போட்டிருக்கு. சொன்னா அடுத்த பஸ்ஸுலயே ஓடியாந்து மடியில போட்டுப்ப. நம்ம ரெண்டு பேருக்கும் சின்ன வயசுல அம்மை வந்ததே இல்ல. வாங்கிட்டுப் போயி மச்சானுக்குக் குடுத்துட்டா? எதிர்ப்பு சக்தியே இல்லாத அவரு ஒடம்பு தாங்குமா? டாக்டர் சொன்னதுல நீ பாதியத்தான் கேட்ட லாத்தா. அவர்ட்டேர்ந்து நமக்கு ஒட்டாது. நம்மள்ட்டேர்ந்துதான் அவருக்கு ஒட்டும்.”

சாயிரா ரஃபியுதீனைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து எத்தனை பேரை இழுத்து வந்து அவர்மேல் விட்டாள்!

வாசலில் செருப்புச் சத்தம். இத்தனை மாசம் எட்டிப் பார்க்காத கமாலுதீன் மாமா, பெருநாளுக்காக மனசு மாறி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு படியேறி வந்தார்.

சாயிரா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

“அங்கயே நில்லுங்க மாமா. தள்ளி நின்னு முபாரக் சொன்னாப் போதும்.”

அவர் முகம் சிவந்தது. “பாத்தியா? ஒட்டும்னு இப்ப நீயே சொல்ற!”

“ஆமா மாமா, ஒட்டும்,” என்றாள் சாயிரா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அவருக்கு.”