பாதியில் பிரியும் ரயில்

கனடாவில், ஸ்ரௌவ்வில் நகரிலுள்ள தன் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர்களிடம், போன மாத ஜேர்மனிப் பயணத்தைப் பற்றிக் குலேந்திரன் அளந்துகொண்டிருந்தார்.

“அந்த ரெயின் நடுவழியிலை ரெண்டாப் பிரியும். முன்பாதி கொலோனுக்கு, பின்பாதி டுசில்டோர்வுக்கு. ஒவ்வொரு கதவடியிலையும் பெட்டி நம்பரும் போற ஊரும் எழுதிக் கிடக்கு. நான் முன்னுக்கு இருக்கிறன், இவ கோப்பி வாங்கப் போயிட்டுப் பின்னுக்கு ஏறிட்டா! இருபது வருசம் ஒபிசிலை வேலை செய்து என்ன, ஒரு போர்ட் வாசிக்கத் தெரியேல்லை.”

எல்லாரும் சிரித்தார்கள். மனைவி சந்திரவதனா வடைத்தட்டை நீட்டினாள்.

“போனும் வேலை செய்யேல்லை. அடுத்த நாள் பின்னேரந்தான் மூளையில்லாத மொக்கு மாதிரி வந்து நிண்டவ.”

குசினிக்குள், அடுப்படியில் நின்ற சந்திரவதனாவிடம் பக்கத்து வீட்டு மயூரி இரக்கத்தோடு கேட்டாள்.

“தெரியாத ஊரிலை தனிய நல்லாப் பயந்துபோனியளோ, அக்கா?”

“இல்லை. ஆத்தங்கரையிலை இருந்து ஆறுதலாச் சாப்பிட்டன். ஒரு நாள் முழுக்க ஒருத்தரும் என்னை மொக்கு எண்டு சொல்லேல்லை.”

“அப்ப போன்?”

“நான்தான் நிப்பாட்டினனான். போர்டையும் ரெண்டுதரம் வாசிச்சுப்போட்டுத்தான் ஏறினனான்.” சந்திரவதனா குரலைத் தாழ்த்தினாள். “வாற சம்மருக்கும் பிளேன் ரிக்கெற் போட்டிட்டன். எனக்கு மட்டும்.”