தையல்காரர் வீட்டுக் குறட்டை

மூக்கடைப்புக் குறட்டையால் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்த தையல்காரருக்கு, மூக்குக்குள் வீங்கியிருந்த சதையை டாக்டர் ஆபரேஷன் செய்து குறைத்தார். குறட்டை நின்றது. எதிர்வீட்டுக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை.

“அண்ணே, நீங்க கடைக்குப் போனதும் உங்க வீட்ல யாரோ ஆம்பளை குறட்டை விடுறான். எனக்கெதுக்கு வம்பு, காதுல விழுந்துச்சு, சொன்னேன்.”

பற்றவைத்தாயிற்று. ஒரு கை மட்டும் வைத்த சட்டையை மிஷினிலேயே போட்டுவிட்டுத் தையல்காரர் வீட்டுக்கு ஓடினார். வாசலிலேயே குறட்டை கேட்டது.

“உள்ள யாருடி?”

“மெதுவாப் பேசுங்க” என்றாள் மனைவி.

அவளைத் தள்ளிவிட்டு படுக்கையறைக்குள் நுழைந்தார். கட்டில் காலியாக இருந்தது. தலையணை மட்டும் நடுவில் குழிந்திருந்தது. குறட்டை நின்றது.

“யாருடி வந்திருக்கறது?” என்று கட்டிலிலிருந்து கேட்டது, அவருடைய பழைய மூக்கடைத்த குரல்.

மனைவி கட்டிலருகே போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

“யாருமில்லைங்க. நீங்க தூங்குங்க.”