கட்டாயம் இல்லை

“அப்பா பேரு கட்டாயம் இல்ல சார். அம்மா பேரு இருந்தா போதும்.”

அகல்யா பிடித்த பிடியை விடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த உலகநாதன் உதட்டைப் பிதுக்கினார்.

ஸ்கூல் அட்மிஷன் ரூம் என்று நினைத்துவிடாதீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியின் மீட்டிங் ரூம். பள்ளிச் சேர்க்கைக்கான இரண்டு வெப் சர்வீஸ்களுக்கு அகல்யா வரையறை எழுதியிருந்தாள். எதைக் கேட்கலாம், எதைக் கொடுத்தே ஆக வேண்டும், என்ன பதில் வரும் என்று கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் போட்டுக்கொள்கிற ஒப்பந்தம் அது.

பழைய சர்வீஸுக்கு எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் ஒன்று, புதியதற்கு ஜேசன் என்ற வடிவத்தில் ஒன்று. புதியதில் கட்டாயப் பட்டியலிலிருந்து அப்பா பெயரைத் தூக்கிவிட்டாள். பழையதில் அப்பா பெயர் ‘குறைந்தபட்சம் ஒன்று’ வேண்டும் என்றிருந்த இடத்தில், இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று பூஜ்யம் போட்டாள். அந்தப் பூஜ்யம்தான் உலகநாதனுக்குப் பொறுக்கவில்லை.

புனேயிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த மேனேஜர் அவர். வந்த அன்றே எல்லாரிடமும் சிரித்துப் பேசினார். அகல்யாவுக்கு வீடு மேனாம்பேட்டில் என்றதும், வேலை கிடைத்த புதிதில் தானும் அங்கேதான் குடியிருந்ததாகச் சொன்னார். எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போனது. அகல்யாவுக்கு மட்டும், பெயரைக் கேட்ட நிமிஷத்திலிருந்தே அவரைக் கண்டால் ஆகாது.

வரையறை சாயங்காலம் கிளையன்ட்டுக்குப் போயாக வேண்டும். போய்விட்டால் அப்புறம் யாரும் கை வைக்க முடியாது. பூஜ்யத்தை ஒன்றாக மாற்று, இல்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று கறாராகச் சொல்லிவிட்டார் உலகநாதன். பக்கத்தில் இருந்த, கூட வேலை செய்யும் விஷால், ஒத்துக்கொண்டு தொலையேன் என்று மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தான்.

அவளா மசிவாள்? அப்பா பெயர் இல்லாத பிள்ளையின் விண்ணப்பத்தை மனுஷர் யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள், கம்ப்யூட்டரே துரத்திவிடும், அந்தப் பாவத்தை என் கையால் செய்ய மாட்டேன் என்றாள். வேலை போனால் போகட்டும் என்றும் சொன்னாள்.

“அப்பன் பேரு இல்லாம எந்தப் புள்ளம்மா ஸ்கூல்ல சேருது? ஒருத்தரைக் காட்டு, பாக்கலாம்.”

“நான் சேர்ந்தேன் சார். எங்கம்மா ஹெட்மாஸ்டர்கிட்ட சண்டை போட்டுத்தான் சேர்த்தாங்க.”

விஷால் காலை இழுத்துக்கொண்டான். உலகநாதனின் முகம் சுண்டிப்போனது. பிறகு குரலைத் தாழ்த்தி, இரக்கத்தோடு கேட்டார்.

“சாரிம்மா. அப்பா தவறிட்டாரா?”

அகல்யா அவரை நேராகப் பார்த்தாள். ஆபீசில் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த மேனாம்பேட்டுப் பேச்சு அப்படியே வந்தது.

“இல்ல சார். எதுர்க்கதான் குந்திகினு கீறாரு.”