நல்ல தண்ணீர் ஆகாது

ஜன்னல் வழியே முதல் துளி கையில் விழுந்ததும் இளங்கோவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "வேணாம், வேணாம்" என்று உதடு தானாக முணுமுணுத்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த சரிகை வியாபாரி ஜியாவுதீன் பாய் அவன் தோளைத் தட்டினார். "இன்னா தம்பி, தெருவுல பட்டு நூல் பாவு விரிச்சிட்டு வந்துட்டியா?"

காஞ்சிபுரத்தில் ஒருவன் மழைக்குப் பயந்தால் யாருக்கும் வேறு காரணம் தோன்றாது. "பட்டு நனைஞ்சா காயவெச்சிக்கலாம் பாய். இது நனைஞ்சா செத்துடும்."

"அடப் பாவமே, கோழிக்குஞ்சா?"

"கிருமி."

பாய் சரேலென்று இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்தார். "நல்ல கிருமிதான், பயப்படாதீங்க" என்றான் இளங்கோவன். அவர் நகர்ந்த இடத்திலேயே இருந்துகொண்டார்.

கல்லூரியில் பாடம் நடத்தும் நேரம் போக, அவன் உயிரை விட்டு வளர்த்தது அந்தக் கிருமியைத்தான். மரக்காணம் உப்பளத்தில் பாத்திகளைச் செக்கச்செவேலென்று ஆக்கும் வகை. உப்பு இருந்தால்தான் பிழைக்கும், நல்ல தண்ணீர் பட்டால் ஊதி வெடித்துவிடும்.

அவன் வளர்த்த கூட்டத்தில் எப்படியோ ஒன்று மட்டும் குணம் மாறிப் பிறந்தது. காற்றிலிருந்தே பயிருக்கு உரம் பிடித்துக் கொடுக்கும் குணம். அது அதன் சந்ததிக்கும் அப்படியே இறங்கியிருந்தது. உப்புப் பூத்துத் தரிசாகக் கிடக்கும் நிலத்தில் அதை விட்டால் நெல் நிமிர்ந்து நிற்கும் என்று அவன் சத்தியமாக நம்பினான்.

"போனா போவுது, இன்னொண்ணு வளத்துக்கயேன்" என்றார் பாய்.

"அதே மாதிரி இன்னொண்ணு பொறக்குமான்னு யாரு பாய் சொல்ல முடியும்?"

ஆய்வுக்கூடத்தில் கொஞ்சம் எடுத்துத்தான் வைத்திருந்தான். இன்று காலை அட்டெண்டர் சிட்டிபாபு காலி பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தான். "எல்லாம் ரத்தம் மாதிரி கெட்டுப்போயிருந்திச்சி சார். சோப்பு போட்டு பளபளன்னு கழுவிட்டேன்." பாராட்டை எதிர்பார்க்கும் சிரிப்பு அவன் முகத்தில்.

திட்டக்கூட நேரமில்லாமல் இளங்கோவன் பஸ் ஏறிவிட்டான். இனி மிச்சம், மாகறலில் உப்புப் பூத்த நிலத்துக்காரி கங்கையம்மாளிடம் கொடுத்தது ஒன்றுதான்.

பத்து நாளைக்கு முன்னால், மார்கழி பிறந்த வாரம், இனிமேல் மழை இல்லை என்ற தைரியத்தில் ஒரு பாட்டிலைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்திருந்தான். "உழுத கையோட, உங்க உப்புக் கிணத்துத் தண்ணியில கலந்து ஊத்திடுங்கம்மா." அவளும், "ஊத்திடலாம் சார்" என்றாள்.

வாய்க்கால் எங்கே வர வேண்டும் என்று அன்று அவன் காட்டியபோது, சுவரில் சாத்தியிருந்த புது மண்வெட்டியை விட்டுவிட்டு, பிடி ஆடும் பழையதை எடுத்து வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அது தை பொறந்தப்புறந்தான் மண்ணுல எறங்கும்" என்றாள். பரீட்சை வேலைக்கு ஓடும் அவசரத்தில் அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

பஸ் நடுவழியில் நின்றது. டிரைவர் டீக்கடைக்குள் நுழைந்தார். இளங்கோவன் இறங்கினான், வானத்தைப் பார்த்தான், ஏறினான், மறுபடி இறங்கினான்.

"சார், நீங்க ஏறினா பஸ்சு போவாது. அவரு ஏறணும்" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. டீக்கடை ரேடியோவில் புயல் சின்னம் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மாகறலில் இறங்கும்போது மழை கொட்டியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினான். கங்கையம்மாளின் நிலம் உழுது கிடந்தது. சால் தெரியாமல் மேலே தண்ணீர் நின்றது.

குனிந்து விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தான். கொஞ்சமும் கரிக்கவில்லை. குடிக்கலாம் போல அத்தனை நல்ல தண்ணீர்.

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். பிறகு என்ன நினைத்தானோ, பையிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்து, சோற்றைக் கொட்டிவிட்டு, அடி மண்ணைத் தோண்டித் தோண்டி அதில் போட்டான்.

கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கங்கையம்மாள் வந்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா சார், உப்பெல்லாம் கழுவிக்கினு போவுது! இன்னா தேடறீங்க சேத்துல?"

"எல்லாம் போச்சும்மா. நீங்க ஊத்தினது அத்தனையும் இந்நேரம் வெடிச்சி செத்திருக்கும். உலகத்துல வேற எங்கயும் அது கெடையாது."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. கோணியின் நுனியை முறுக்கினாள். "சொன்னா திட்ட மாட்டீங்களே சார்?"

"மழை பெஞ்சா நீங்க இன்னா பண்ணுவீங்க? உங்கள எதுக்கும்மா திட்டப்போறேன்?"

அவள் ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குற்றம் செய்தவள் போலக் குரல் இறங்கியது.

"மார்கழியில புதுசு எதையும் மண்ணுல விட மாட்டோம் சார்... பாட்டில் அப்படியே சாமி மாடத்துல இருக்குது."