பாரிஸிலிருந்து ஒரு போணி

நெய்வேலி மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டின் ஜன்னல் கம்பிகளில் படிந்திருக்கும் கரித்தூளின்மேல் மூன்று மணி வெயில் சாய்ந்திருக்கிறது. மேசை நிறைய வறுத்த முந்திரிப் பொட்டலங்கள். சரிதா கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறாள். வீடியோவில் பாரிஸிலிருந்து ஜோஸ்பின். புதுச்சேரிக்காரர், அவளுடைய இணையக் கடைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் முதல் ஆள். போன வாரம் இரண்டு முறை அவர் கார்டைக் கடை ஏற்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் மட்டுமே பணம் கட்ட முடிந்த அந்தப் பக்கத்தில் வெளிநாட்டு கார்டுக்கும் வழி செய்ய, சரிதா ஐந்து நாள் வங்கிக்கு அலைந்திருக்கிறாள்.

"இந்தத் தடவையும் பணம் போகலன்னா வுட்டுடலாம்மா," என்கிறார் ஜோஸ்பின்.

"இருங்கக்கா, பாத்துக்கினுதான் இருக்கேன்."

அனல்மின் நிலையத்தில் காலை ஷிப்ட் முடிந்து வந்த கணவன் அன்புமணி, கழற்றிய ஷூவைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நிற்கிறான். மின்விசிறி கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்கிறது. திரையின் மேல்விளிம்பிலிருந்து பச்சைப் பட்டை ஒன்று மெல்ல இறங்குகிறது. பணம் வந்துவிட்டது, முப்பத்திரண்டு யூரோ. பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் விற்கிறவர்கள் காலையில் கைக்கு வரும் முதல் ரூபாய்க்குச் செய்வதுபோல, சரிதா கைப்பேசியை அப்படியே இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்கிறாள்.

"என்னம்மா, ஒரே இருட்டா இருக்கு. கரண்ட் போயிடுச்சா?"

"நெய்வேலியில ஏதுக்கா கரண்ட் போறது," என்கிறாள், கைப்பேசியை எடுக்காமலே. "போணி ஆயிருக்கு. கண்ணுல ஒத்திக்கினு இருக்கேன்."