பத்து வரிசை

"தப்பு. இங்க பாருங்க, வரிசை கோணலா போகுது."

சொல்லிக்கொண்டே மாமியார் நூலைப் பிடித்து இழுத்தாள். ஒன்று, இரண்டு என்று பத்து வரிசை பிரிந்து வந்துவிட்டது. முடியும் தறுவாயில் இருந்த குல்லா, மறுபடி மொட்டையாக நின்றது.

மூன்றாம் மாடி தபாலம்மா பின்னிய குல்லா அது. தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்திய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷமும் இதே கூத்துதான்.

வருஷா வருஷம் பெரிய லீவு விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் இந்த வீட்டில் கூடுவார்கள். காகிதப் பூ, துணிப்பை, பின்னல் என்று ஆளுக்கொரு கைவேலை. மத்தியானம் மாமியார் கையால் சூப்பு, ரொட்டி, கேக். சட்டம் ஒன்றே ஒன்று. வேலையை அரைகுறையாக விட்டவர்கள் அதை இங்கேயே கூடையில் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் வந்து முடித்தே ஆகவேண்டும்.

சமையலறையில் முதல் மாடி டெய்லரக்கா கிசுகிசுத்தாள். "உங்க மாமியாருக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? தபாலம்மா, பிள்ளைத்தாச்சியா இருந்த தன் மகளோட குழந்தைக்காக ஆரம்பிச்ச குல்லா அது. மகளும் போய், வயித்துல இருந்ததும் போய், ஆறு வருஷம் ஆச்சு. அப்புறம் அந்தம்மா யார் வீட்டுக்கும் போறதில்ல. கல்யாணம், பிறந்தநாள் எதுக்குக் கூப்பிட்டாலும், 'சும்மா வந்து உக்காந்து சாப்பிட முடியாது'ன்னுடுவாங்க. வர்றது இங்க மட்டும்தான். இங்கயும் இப்படியா?"

மருமகள் முடிவு பண்ணிவிட்டாள். எல்லாரும் சூப்பு குடிக்க உட்கார்ந்ததும், குல்லா கிடந்த கூடையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கல்யாணத்துக்கு முன் ஸ்வெட்டர் கடையில் வேலை பார்த்தவள். குழந்தைக் குல்லாவின் உச்சி அவளுக்கு எம்மாத்திரம்? கேக் வெட்டுவதற்குள் முடித்து, முடிச்சும் போட்டுவிட்டாள்.

"இந்தாங்கம்மா. முடிஞ்சிருச்சு."

கூடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். மாமியார் மட்டும் தட்டவில்லை.

தபாலம்மா குல்லாவை வாங்கினாள். உள்ளே கையை விட்டு, விரல்களை விரித்துப் பார்த்தாள். இத்தனூண்டு தலைக்கான குல்லா.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு."

கேக் தட்டைத் தொடாமல் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். செருப்பைத் தேடினாள்.

"என்னம்மா, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?" என்றாள் மருமகள்.

"வேலைதான் முடிஞ்சிருச்சே. இனிமே உங்களுக்கு என்னால தொந்தரவு இல்ல."

"அடுத்த வருஷம் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாமே."

"புதுசா ஆரம்பிக்க என்கிட்ட என்னம்மா இருக்கு?"

மருமகள் திரும்பினாள். மாமியாரைப் பார்த்தாள். மாமியார் அவளைப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று வாசலுக்குப் போய், தபாலம்மாவின் கையிலிருந்து குல்லாவைப் பிடுங்கினாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மருமகளின் பின்னலில் ஒரு பிசகும் இல்லை. அது மருமகளுக்குத் தெரியும். மாமியாருக்கும் தெரியும்.

"உச்சியில தப்பு," என்றாள் மாமியார். முடிச்சை அவிழ்த்து நூலை இழுக்கத் தொடங்கினாள். "பத்து வரிசையும் தப்பு."

தபாலம்மா போட்ட செருப்பைக் கழற்றினாள். கிட்டே வந்து மெல்லக் கேட்டாள்.

"நல்லாப் பாருங்க. அடியிலயும் தப்பு இருக்கும், இல்ல?"