மிச்சச் சூடு

இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் செருகிவிட்டு அத்தான் தள்ளி நின்றார்.

வாசலில் என் கார் நிற்கிறது. அக்கா ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் மகளுக்கு நல்லதாக ஒரு டிரஸ் எடுத்துக்கொண்டு உடனே திரும்ப வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு வேலை. இந்த மனுஷன் என்னடாவென்றால் சாப்பாட்டு மேஜைமேல் போர்வையை நாலாக மடித்து விரித்துக்கொண்டிருக்கிறார்.

போர்வைமேல் அவளுடைய நீலக் கவுன். அசல் பருத்தி. இடுப்பைச் சுற்றிப் பிளீட் வைத்தது. பீரோவில் கிடந்து கசங்கியிருந்தது.

சீக்கிரம் அத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வீட்டில் துணி தேய்க்கச் சட்டதிட்டம் உண்டு. வாரத்துக்கு ஒரே நாள், எல்லாத் துணியும் ஒரே மூச்சில். தினம் ஒரு சட்டையாகத் தேய்த்தால் பெட்டி சூடாவதற்கே பாதி கரண்ட் போய்விடுமாம். தேய்க்கும்போது ஃபேன் ஓடக்கூடாது. காற்றுக்குப் பெட்டி ஆறிவிடுமாம். விருந்தாளியாக வந்த நானும் வேர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

துணி தேய்ப்பதில் மட்டுமா? டிவியில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் போச்சு. போன் இல்லாத சார்ஜர் சுவரில் தொங்கினால் போச்சு. ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிக்காதே, யோசித்துவிட்டு வந்து திற என்பார். அதனால்தான் மகள் அவருக்கு ‘மெயின் சுவிட்ச்’ என்று பேர் வைத்திருந்தாள். மெயின் சுவிட்ச் வீட்ல இல்ல, வாங்க மாமா, ஃபேனை அஞ்சுல வெச்சு ஒரு தூக்கம் போடலாம் என்று எனக்குப் போன் பண்ணுவாள் கழுதை.

தேய்ப்பதில் முதலில் அத்தானின் கனத்த பேண்ட்டுகள். அடுத்தது அக்கா வேலைக்குப் போட்டுப்போகும் துணிகள். அதோடு சுவிட்சை அணைத்துவிடுவார். கடைசித் துணிக்குக் கரண்ட் தண்டம், பெட்டியில் இருக்கிற மிச்சச் சூடே போதும் என்பார்.

கடைசித் துணி எப்போதும் மகளுடையதுதான்.

அதிலும் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அப்போது அவள் கவுன் கைக்குட்டை அளவு. ரெண்டு இழுப்பில் முடிந்துவிடும். அப்புறம் அவள் வளர்ந்தாள், கவுனும் வளர்ந்தது. வரிசை மட்டும் மாறவில்லை. முன்பக்கம் தேய்த்துத் திருப்பிப் போடுவதற்குள் சூடு போயே போய்விடும்.

"பாருங்க மாமா, முன்னாடி மொடமொடன்னு இருக்கு, பின்னாடி நாய் வாயிலேர்ந்து பிடுங்கின மாதிரி இருக்கு" என்று என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள்.

முதுகை யார் பார்க்கப் போறாங்க என்பார் அத்தான், ஒயரைச் சுருட்டிக்கொண்டே. அவள் பழிப்புக் காட்டுவாள். நானும் அவளும் சேர்ந்து அவரைக் கலாய்ப்போம். அவரும் சிரிப்பாரே தவிர ஒருநாளும் மசிந்ததில்லை.

இப்போது அவள் அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கிளம்பினபோது போட்டது போட்டபடி விட்டது. கவுனை எடுக்கப் போனபோது அத்தானும் பார்த்தார். கை சுவிட்ச் வரைக்கும் போனது. தொடாமல் திரும்பிவிட்டார்.

வெறும் காய்ச்சல்தான். தன் காலால் நடந்து வந்து என் காரில் ஏறியவள். பதினேழு வயசு. இன்று காலையில் எங்கள் எல்லோரையும் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாள். பாவி, போய்விட்டாள்.

பெட்டியில் சிவப்பு விளக்கு அணைந்தது. அத்தான் விரலை நனைத்து அடியில் தொட்டுப் பார்த்தார். சுர் என்றது.

கழுத்து, கை, இடுப்பு என்று முன்பக்கம் முழுக்கத் தேய்த்தார். வழக்கமாக இந்த நேரத்துக்குப் பிளக் கையில் இருக்கும். சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. அவர் சுவிட்ச் பக்கமே திரும்பவில்லை. அது அணைகிற வரைக்கும் காத்திருந்து, கவுனைத் திருப்பிப் போட்டார்.

"இன்னிக்கு அப்பா அணைக்கலம்மா" என்றார் கவுனைப் பார்த்து. "முதுகுல ஒரு சுருக்கம் இருக்காது பாரு."



ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது பிணவறை ஊழியர் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுஷன், தயங்கித் தயங்கித்தான் சொன்னார். உடம்பு விறைத்துவிட்டதாம். தலைவழியாகப் போட முடியாதாம். கவுனின் முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழே வெட்டித்தான் போட்டுவிடுவார்களாம். படுத்திருப்பதால் வெளியே தெரியாது சார் என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

அத்தான் முதுகின் ஒவ்வொரு பிளீட்டையும் விரலால் நீவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவசரமில்லை அத்தான், நிதானமாத் தேய்ங்க என்றேன்.